இடது கையால் எடுத்த உறுதிமொழி

பிள்ளைகளே, பக்கத்து வீட்டுப் பெரியம்மை வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து வருவது ஏன் நின்றுபோனது என்று நீங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து டி.வி. பார்க்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஆட்டோ ஓட்ட வந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் சிவப்பு மையால் வட்டம் போடட்டும், குற்றமில்லை.

பெரியம்மையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கோ தம்பி, பிள்ளையளுக்குத் தெரியட்டும். பேரு மட்டும் போடாண்டாம்” என்றார். ஆகவே பேர் இல்லை. நான் அவரை மைனி என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரரை அண்ணாச்சி என்பேன். அப்படியே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண்வீட்டார் வேன் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களை காண வருவார்கள். பாத்திரம் பண்டத்தோடு முறுக்கும், சிறுபயறும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த முந்திரிக்கொத்தும் கொண்டு வருவார்கள். அதைத் தெருவுக்கெல்லாம் கொடுப்பது முறை. இது கல்யாணத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். நம் பக்கத்து வீட்டில் மட்டும் அது வருஷம் முழுவதும் நடந்தது. அண்ணாச்சி கை ஓங்குவார். மைனி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பூதப்பாண்டியில் தன் அம்மை வீட்டுக்குப் போவார். கொஞ்ச நாள் கழித்து மைனியின் அண்ணன் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பெண்ணைக் கொண்டு விடுகிறவர் வெறுங்கையோடு வரலாமா? ஒரு பெரிய அலுமினியப் போணி நிறைய முந்திரிக்கொத்து வரும். மைனி அதை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். “அம்மை வீட்டுக்குப் போயிருந்தேன், அதான்” என்பார். நாமும் “அப்படியா, அங்க எல்லாருக்கும் சுகந்தானா” என்று கேட்டு வாங்கிக்கொள்வோம்.

தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தின்றுகொண்டே தெரியும். இளையவனே, நீ ஒருநாள் எல்லார் முன்னாலும், “பெரியம்மை இனி எப்பம் அம்மை வீட்டுக்குப் போவா?” என்று கேட்டாய். உன் அம்மை உன் வாயைப் பொத்தியது அதனால்தான்.

அண்ணாச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிக்கிறவர் என்றதும் நீங்கள் சினிமாவில் வருகிற மாதிரி பெரிய மீசையை நினைத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். தக்கலையில் ஹார்டுவேர் கடை. நம் ஊர்ப் படிப்பகத்துக்குச் செயலாளர். தெருநாய் உள்ளே வந்தால்கூட “போயேம்ப்பா” என்றுதான் விரட்டுவார். தெரிந்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது, “தங்கமான மனுசன், கோவம் மட்டும் கொஞ்சம் கூடுதல்” என்பார்கள். வாங்கிப்போன ஆணியைத் துருப்பிடித்தபின் திருப்பிக் கொண்டுவருகிற வாடிக்கையாளரிடம் அந்தக் கோபம் வராது. கரண்ட் ஆபீசில் காலை முழுக்கக் காக்கவைத்தாலும் வராது. அந்தக் கோபத்துக்கு வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் நம் ஊரிலிருந்து குடும்ப வன்முறையை ஒழிக்க அரசாங்கம் தீர்மானித்தது. இது மிக நல்ல காரியம். கிண்டலாகச் சொல்லவில்லை. முதலில் ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அடிபடுகிற பெண்கள் கூப்பிட வேண்டிய எண்ணை அதில் பெரிதாகப் போட்டிருந்தது. என் வண்டியின் பின்பக்கம் ஒட்டினார்கள். வண்டிக்குள் உட்காருகிற பெண்களின் கண்ணில் அது படாது. பின்னால் வரும் லாரி டிரைவர்கள் நன்றாகப் படித்தார்கள். இரண்டாவதாக, ஊர் ஊராக விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். நம் ஊரில் கூட்டம் வைக்க இடம் படிப்பகம். படிப்பகத்தில் கூட்டம் என்றால் தலைமை யார்? செயலாளர்தான்.

பேனர் அடித்து வந்தது. மேலே ‘குடும்ப வன்முறை ஒழிப்போம்’ என்று சிவப்பு எழுத்து. கீழே அண்ணாச்சி கைகூப்பி நிற்கிற படம்.

மேடை நிறைய ஆண்கள். நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது, ஆகவே மெம்பர் ஒரு பெண். ஆனால் அவர் வீட்டில் வேலையாக இருந்தார். அவருக்குப் பதிலாக அவருடைய வீட்டுக்காரர் வந்து, பெண்களின் உரிமை பற்றிப் பேசி, பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். மேடையில் இருந்த ஒரே பெண், நாகர்கோவிலிலிருந்து வந்த பாதுகாப்பு அலுவலர். குடும்பத்தில் அடிபடுகிற பெண்களுக்கு உதவத்தான் அந்த வேலையே இருக்கிறது. அவரை ஓரத்து நாற்காலியில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் பேசி முடித்தபோது சாயா நேரம் வந்துவிட்டது. “மேடம், சுருக்கமா” என்று அண்ணாச்சி அன்போடு சொன்னார்.

அந்த மேடம் சுருக்கமாகத்தான் பேசினார். கையால் அடிப்பது மட்டும் வன்முறை அல்ல, வாயால் கேவலப்படுத்துவதும் செலவுக்குக் கொடுக்காமல் நடத்துவதும் அதில் வரும் என்றார். கட்டிவந்த வீட்டில் பயமில்லாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்றார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “அப்பம் எனக்க மாமியா பேசுகதும் வருமா மேடம்?” கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார்.

கடைசியில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து வலது கையை முன்னால் நீட்ட வேண்டும். அண்ணாச்சி மைக்கில் வாசிக்க வாசிக்க நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். “இன்று முதல் என் இல்லத்தில்” என்று ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்றேன். பெண்கள் பக்கத்தில் எல்லாக் கைகளுக்கும் நடுவே ஒரு கை மட்டும் மாறி நீண்டிருந்தது. மைனி இடது கையை நீட்டியிருந்தார்.

நம் ஊரில் கடைக்காரரிடம் சில்லறையைக்கூட இடது கையால் நீட்ட மாட்டார்கள். பக்கத்தில் நின்றவள் மைனியை இடித்தாள். “ஏட்டி, சோத்துக்கையை நீட்டுட்டி. சர்க்காரு சத்தியம்லா எடுக்கோம்!”

“அடுக்களையில நிண்ணு நிண்ணு எது எந்தக் கைன்னு மறந்து போச்சு போல” என்றாள் இன்னொருத்தி.

அண்ணாச்சி மேடையிலிருந்து பார்த்தார். வாசிப்பதை நிறுத்தி, மெல்லிய குரலில், “எல்லாரும் வலது கையை…” என்றார். மைனி வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது இடுப்புக்கு மேலே வரவில்லை. முகம் சுருங்கிப்போனது. திரும்பவும் இடது கையையே நீட்டினார். “எந்த வன்முறையும் நிகழ விடமாட்டேன்” என்று அண்ணாச்சி வாசித்து முடித்தார். நாங்களும் சொல்லி முடித்தோம். கைதட்டல்.

எல்லாரும் மேடையைப் பார்த்துக் கைதட்டினார்கள். மேடம் மட்டும் மைனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயாத் தட்டை ஒற்றைக் கையால் தூக்கிவந்த மைனியிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, “நீங்க உக்காருங்க அக்கா” என்றார். போகும்போது என்னிடம் வந்தார். “அண்ணே, நாளைக்குக் காலையில உங்க ஆட்டோ கிடைக்குமா? ஆபீஸ் வண்டி வேற டியூட்டிக்குப் போயிருக்கு.”

மறுநாள் காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய மேடத்தை அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டேன். பிழை அங்கேதான் நடந்தது. மேடத்தின் கையில் ஒரு ஃபைல் இருந்தது. ஃபைலோடு ஒரு அரசாங்கப் பெண் வந்தால் நம் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான்: பெண்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிற திட்டத்தில் விடுபட்டவர்களைச் சேர்க்க வந்திருக்கிறார். நான் வண்டியை அணைப்பதற்குள் ரேஷன் கார்டும் ஆதார் ஜெராக்சுமாக முற்றம் நிறைந்துவிட்டது.

“நான் ஒரு வீட்டு விஷயமா விசாரிக்க வந்திருக்கேன்” என்றார் மேடம்.

“எங்களுக்கும் வீட்டு விஷயந்தான் மேடம். ஓடு ஒழுகுகு, வந்து பாருங்கோ.”

“என்னைச் செத்துப்போனவன்னு எழுதி வெட்டிப்போட்டுட்டானுவ. பாருங்க மேடம், நிக்கேன்லா? நல்லா பாருங்க!”

கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாச்சிதான். “தள்ளாதீங்க, வரிசையா வாங்க. மேடம் எல்லாருக்கும் எழுதுவாங்க” என்று படிப்பகக் குரலில் சொன்னார். உள்ளே திரும்பி, “மேடத்துக்குச் சாயா எடு” என்றார். மைனி இடது கையால் சாயாவும், ஏத்தன்காய் உப்பேரி வறுவலும் கொண்டு வந்து வைத்தார். அண்ணாச்சி தன் ஆதார் ஜெராக்சில் தானே கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினார். “குடும்பத் தலைவர் நான்தான் மேடம். என் பேருலயே போட்டுக்கிடுங்க.” தன் மீது விசாரணைக்கு வந்தவரிடம் தானே அடையாளச் சான்று கொடுத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். மேடம் அதை வாங்கி, மடிக்காமல் ஃபைலுக்குள் வைத்தார்.

அந்த வீட்டில் வைத்து ஒரு வார்த்தை பேச முடியாது என்று மேடத்துக்குப் புரிந்தது. “அக்கா கையை ஆஸ்பத்திரியில ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு வரோம்” என்றார்.

“தாராளமா கூட்டிட்டுப் போங்க” என்றார் அண்ணாச்சி. “எண்ணெய் தடவுன்னு நானும் சொன்னேன். சொன்னா கேக்கணும்லா.”

வண்டி தெருவைத் தாண்டியதும் மேடம் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். “அண்ணே, உங்களுக்குக் காது கேக்காது.”

“சரி மேடம்” என்றேன்.

“கேக்காதுன்னு சொன்னேன்.”

“கேக்கல்ல மேடம்.”

மாவட்டம் முழுவதிலும் ஒரு பெண் மனம் விட்டுப் பேச அன்றைக்கு அரசாங்கத்துக்குக் கிடைத்த அறை என் ஆட்டோவின் பின்சீட்டுதான். தக்கலைக்குப் பக்கத்து அரண்மனை வாசலைத் தாண்டும்போதுதான் மைனி வாய் திறந்தார்.

“கையைப் புடிச்சு முறுக்கிட்டாரு.”

“எதுக்கு?”

“சட்டையைத் தேய்க்கும்போ காலர் கொஞ்சம் கருகிப்போச்சு.”

“எந்தச் சட்டை?”

“கூட்டத்துக்குப் போடுகதுக்கு வச்சிருந்த வெள்ளச் சட்டை.”

“எந்தக் கூட்டத்துக்கு?”

“நேத்து நீங்க வந்தியளே, அதுக்குத்தான்.”

நான் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். அரண்மனை பார்க்க வந்த டூரிஸ்ட் பஸ்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டினான். ஸ்டிக்கரையும் படித்திருப்பான்.

மேடம் ஃபைலை மூடி மடியில் வைத்தார். பிறகு, “உங்களுக்கு என்ன வேணும் அக்கா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை என்று மைனி பின்னால் உங்கள் அம்மையிடம் சொன்னாராம். அன்றைக்கு அவர் சொன்னது இது: “எனக்கு எனக்க வீடு வேணும். பையைத் தூக்கிட்டுப் போயிப் போயி வர முடியாது. அடியில்லாம எனக்க வீட்டில இருக்கணும். அவரைச் செயில்ல ஒண்ணும் போடாண்டாம்.”

“போட மாட்டாங்க. அடிக்கக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போடும். வீட்டில இருந்தா அடிப்பாருன்னா, வெளிய இருக்கச் சொல்லியும் போடும். உத்தரவை மீறினாத்தான் ஜெயில். மீறுவாரா?”

“மாட்டாரு மேடம். வெளியில உள்ள ஆளு யாரு சொன்னாலும் கேப்பாரு.”

எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. கட்டுப் போட்டார்கள். மேடம் எழுத வேண்டியதை எழுதி, இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து, கோர்ட்டுக்கு அனுப்பினார். அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வந்த அன்றுதான் தெருவுக்கு விஷயம் புரிந்தது. பணம் வரப்போவதில்லை என்பதும் அன்றுதான் புரிந்தது. இரண்டில் எதற்கு அதிகம் வருத்தப்பட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

உடனே படிப்பகத்தில் சமாதானக் கூட்டம். மைனியையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்தார். உங்கள் அம்மை பக்கத்தில் இருந்தாள். பூதப்பாண்டியிலிருந்து மைனியின் அண்ணன் போணியோடு வந்துவிட்டார். சமாதானம் ஆவதற்குள் போணியைத் திறந்து விளம்பவும் ஆரம்பித்தார்கள். மெம்பரின் வீட்டுக்காரர் வாயில் முந்திரிக்கொத்தை அடக்கிக்கொண்டு பிரச்சினையை ஆராய்ந்தார். கடைசியில் அடிப்படைக் காரணத்தைக் கண்டுபிடித்தார். “பிரச்சினை சட்டைதானே? இனிமே அண்ணாச்சி சட்டையை இஸ்திரிக் கடையில குடுக்கட்டும். தீந்தது!” எல்லாருக்கும் மனம் லேசானது. அண்ணாச்சியும், “ஊரு சொன்னா நான் கேக்கேன்” என்று கைகூப்பினார். பேனரில் இருந்த மாதிரியே இருந்தது.

மைனியின் அண்ணன் எழுந்தார். “வா மக்களே. நம்ம வீட்டில கொஞ்ச நாளு நில்லு. பொறவு நானே கொண்டு விடுகேன்.”

“கொண்டு போவதுக்கும் கொண்டு விடுகதுக்கும் நான் என்ன கேஸ் சிலிண்டரா அண்ணா?” என்றார் மைனி.

“ஊரு என்ன பேசும், பிள்ளே?”

“ஊரு இத்தன வருசமா தின்னுச்சு. தின்ன வாயி கொஞ்சம் பேசட்டும்.”

படிப்பகத்தில் மென்றுகொண்டிருந்த சத்தமெல்லாம் நின்றது. உங்கள் அம்மை கையிலிருந்ததைப் போணியிலேயே திரும்ப வைத்தாள். இன்னும் சிலர் வைத்தார்கள். மெம்பரின் வீட்டுக்காரர் வைக்க முடியாத கட்டத்தில் இருந்தார், விழுங்கிவிட்டார்.

அதோடு முடியவில்லை. மஸ்கட்டிலிருந்து அவர்களுடைய ஒரே மகன் வீடியோவில் வந்தான். “அம்மா, அப்பாவுக்கும் வயசாகுல்லா. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு.”

“சரி மக்கா. நீ டிக்கெட் எடுத்து வந்து இங்க நின்னு அட்ஜஸ்ட் பண்ணு. நான் கொஞ்ச நாளு மஸ்கட்டில நிக்கேன்” என்றார் மைனி.

“லீவு இல்லம்மா.”

“எனக்கும் இல்ல மக்கா.”

கேஸ் தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். ஆனால் கோர்ட்டுக்கு லீவு உண்டு, வக்கீல்களுக்குப் போராட்டம் உண்டு. மைனி அதுவரைக்கும் அதே வீட்டில், அதே மனிதரோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் நம் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார். அண்ணாச்சியின் வண்டி இல்லை என்று பார்த்தபிறகுதான் உட்காருவார். ஒருநாள் என்னிடம், “பேசாம பூதப்பாண்டிக்கே போயிருக்கலாமோ தம்பி?” என்றுகூடக் கேட்டார்.

அதற்குப் பதில் தெரிந்தவர் மேடம்தான். அவர் தினமும் அண்ணாச்சியின் கடைக்குப் போன் போட்டார். ஆள் நிறைய நிற்கிற நேரமாகப் பார்த்துப் போடுவார். “சார், வீட்டில எல்லாம் சமாதானமா?” என்று கேட்பார். “நல்ல சமாதானம் மேடம், நல்ல சமாதானம்” என்று அண்ணாச்சி எழுந்து நின்று சொல்வார். ஆணி வாங்க வந்தவர்கள், “யாரு அண்ணாச்சி, எங்க சமாதானம்?” என்று கேட்பார்கள். வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம் கடை வாசலுக்கு வந்ததும் அவருடைய கை தானாக அடங்கியது. நம் ஊரில் வன்முறை ஒழிப்புக்காகச் செய்த எல்லாவற்றிலும் உருப்படியாக வேலை செய்தது அந்தப் போன்தான் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பேனர் கிடையாது.

ஒருவழியாக உத்தரவு வந்தது. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. கேஸ் முடிகிறவரை மைனி அந்த வீட்டில் இருப்பார், அண்ணாச்சி வெளியே இருக்க வேண்டும். மைனி சொன்ன மாதிரியே அண்ணாச்சி மறுபேச்சுப் பேசவில்லை. கடை மாடியில் ஒரு அறை இருந்தது, அங்கே போக ஒத்துக்கொண்டார்.

அவர் போன காலையில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மைனி பையோடு இதே ஆட்டோவில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறார். அப்போதெல்லாம் எல்லாருக்கும் வீட்டுக்குள் வேலை இருந்தது. அண்ணாச்சி பெட்டியோடு ஒரே ஒரு தடவை ஏறினார், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். “ஒரு ஆம்பளையை வீட்டை விட்டு இறக்கலாமா? எந்தக் காலத்திலயாவது உண்டுமா?” என்றார் மெம்பரின் வீட்டுக்காரர். மெம்பரும் அன்றைக்கு வெளியே வந்திருந்தார். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனிதர் உடனே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வழியில் அண்ணாச்சி என்னிடம் மெல்லக் கேட்டார். “தம்பி, நீயே சொல்லு. ஒரு சட்டைக்காக ஒருத்தர் இவ்வளவு தூரம் செய்யலாமா?”

“அதைத்தான் அண்ணாச்சி நானும் யோசிக்கேன்” என்றேன்.

மறுநாள் மத்தியானம். மூத்தவளே, உன் அம்மை அவியல் வைத்து ஒரு கிண்ணத்தில் உன்னிடம் கொடுத்துவிட்டாள். நீ போன வேகத்தில் கிண்ணத்தோடு திரும்பி வந்தாய்.

“அப்பா, பெரியம்மை கதவை உள்ள பூட்டியிருக்கா. சன்னல் வழியா பாத்தேன். ஃபேன் போட்டுட்டு உறங்குகா.”

“பகலிலயா?” என்றாள் உன் அம்மை. மைனி பகலில் கண்ணை மூடி அவள் பார்த்ததில்லை.

அந்த நேரம் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் பெரிய சத்தத்தோடு போனது. நாம் மூன்று பேரும் பக்கத்து வீட்டைப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை.

கேஸ் இன்னும் முடியவில்லை, பிள்ளைகளே. இனியும் கோர்ட்டுக்குப் போக வேண்டும், நான்தான் வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் அன்றைக்கு நீ கிண்ணத்தைப் பிடித்தபடி, “போயித் தட்டி எழுப்பட்டா அப்பா?” என்று கேட்டாய்.

“வேண்டாம் மக்கா” என்றேன். “உறங்கட்டு.”